எட்டுக் கிழமைக் கெடுவும் நிற்காத சத்தியும்

கர்ப்பத்தை எட்டுக் கிழமைக்குள் பதியாவிட்டால் கிளினிக்கில் சேர்க்கமாட்டார்களா, கொடுப்பனவு வெட்டுப்படுமா, திரிபோஷச் சத்துமா நின்றுவிடுமா என்று வாசகிகளிடமிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வருகிறது. இன்னொரு வகைக் கடிதமும் வருகிறது. மூன்று நாளாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, மாமியோ "எல்லாருக்கும் வாறதுதானே" என்கிறா, நான் என்ன செய்ய என்று விசுவமடுவிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அதை எந்தத் துண்டுப்பிரசுரமும் சொல்வதில்லை.

முதலில் கெடுவைப் பார்ப்போம். பிந்திப் போனாலும் பதிவார்கள். ஒன்பதாம் கிழமையில் போன பெண்ணைத் திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமையில்லை. போஷாக்குக் கொடுப்பனவு 2015இல் மாதம் 2,000 ரூபாயாகப் பத்து மாதத்துக்கு ஆரம்பித்தது. தொகையும் நிபந்தனையும் அதன்பின் மாறியிருப்பதால், இன்றைய விதியை உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழப்பத்தின் வேர் கிழமைக் கணக்கில் இருக்கிறது. கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். மார்ச் 1இல் மாதவிலக்கு வந்த பெண்ணுக்குக் கரு தரிப்பது ஏறத்தாழ மார்ச் 15இல். மார்ச் 29இல் வரவேண்டியது வராமல் போகும்போது அவர் ஏற்கெனவே நாலு கிழமைக் கர்ப்பிணி. ஏப்ரல் 26இல் எட்டுக் கிழமை முடிந்துவிடும். அதாவது, நாள் தள்ளிப்போனதைக் கவனித்த பிறகு கையில் இருப்பது நாலு கிழமைதான். மாதவிலக்கு ஒழுங்கில்லாத பெண்ணுக்கு அதுவும் இல்லை.

எட்டுக் கிழமைக்குள் வந்தால் போலிக் அமிலக் குளிசை கிடைக்கும், பிள்ளையின் முள்ளந்தண்டுக்கு நல்லது என்று சொல்லப்படுவதை அப்படியே ஏற்க முடியாது. முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் குழாய் கரு தரித்து 28 நாட்கள் அளவில் மூடிவிடுகிறது. கிளினிக் அட்டைக் கணக்கில் அது ஆறாம் கிழமை. எட்டாம் கிழமையில் வாங்கும் குளிசை அந்த வேலைக்குப் பிந்திவிட்டது. கலியாணம் முடித்த கையோடு மிட்வைஃபைக் கண்டு அதை ஆரம்பிப்பதுதான் பலன் தரும். எட்டுக் கிழமைக்குள் பதிவதில் வேறு நன்மைகள் உண்டு. இரத்தத்தின் அளவு, நீரிழிவு, அழுத்தம், கருப்பைக்கு வெளியே கரு தங்கியிருக்கும் ஆபத்து எல்லாவற்றையும் நேரத்தோடு பார்த்துவிடலாம்.

இனிச் சத்திக்கு வருவோம். கர்ப்பிணிகளில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு ஓங்காளமோ சத்தியோ வருகிறது. நூறில் ஒருவர் முதல் மூவர் வரை வைத்தியசாலையில் படுக்குமளவுக்கு மோசமாகிறார்கள். ஏன் ஒருத்திக்கு இஞ்சிப் பிளேன்ரீயோடு அடங்குவது இன்னொருத்தியைச் சாய்த்துவிடுகிறது? மனம் திடமில்லை, செல்லமாக வளர்ந்தவள், வேலைக்குக் கள்ளம் என்றெல்லாம் ஊர் சொல்லும். வெளிநாட்டு வைத்தியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அமெரிக்க மரபணு ஆய்வாளர் மார்லீனா ஃபெய்சோ 1999இல் நிற்காத சத்தியால் தன் கர்ப்பத்தையே இழந்தவர். மற்றவர்களின் கவனத்தைத் தன்மேல் திருப்பவே அவர் இப்படிச் செய்கிறார் என்று அப்போது ஒரு வைத்தியர் சொன்னாராம். காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை ஃபெய்சோ தன் கையில் எடுத்தார்.

அவரும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓ'ராஹிலியும் சேர்ந்து செய்த ஆய்வு 2023 டிசம்பரில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியானது. ஜி.டி.எஃப்-15 என்ற ஒரு ஹோர்மோனை அது அடையாளம் காட்டியது. எல்லோருடைய உடலிலும் இது சிறிதளவு இருக்கும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கருவும் நச்சுக்கொடியும் இதைப் பெருமளவில் தாயின் இரத்தத்துக்குள் விடுகின்றன. மூளையின் பின்பக்க அடியில், சத்தியைத் தூண்டும் இடத்தில், இதற்கென்றே ஓர் ஏற்பி உண்டு. ஹோர்மோன் அங்கே போய் ஒட்டியதும் குமட்டல் வருகிறது.

என்னை வியக்கவைப்பது இதற்கு அடுத்த பகுதி. எவ்வளவு ஹோர்மோன் வருகிறது என்பதோடு, அந்தப் பெண்ணின் உடல் முன்பே அதற்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்பதும் சத்தியின் கடுமையைத் தீர்மானிக்கிறது. கர்ப்பத்துக்கு முன் இரத்தத்தில் இது குறைவாக இருந்தவளுக்குத்தான் திடீர் ஏற்றம் தாங்காது. உறைப்புத் தின்று பழகாத நாக்கில் பச்சைமிளகாயை வைத்ததுபோல. பிறப்பிலேயே அளவைக் குறைக்கும் அரிய மரபணு மாற்றம் உள்ள பெண்களுக்குக் கடுஞ்சத்தி வரும் வாய்ப்பு பத்து மடங்குக்கு மேல் என்று கண்டார்கள்.

மறுபக்கச் சான்றைத் தேட உதவியதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. அந்த ஆய்வில் இலங்கை ஆய்வாளர்களும் இருந்தார்கள். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களுக்கு ஜி.டி.எஃப்-15 எப்போதும் மிக உயர்ந்தே இருக்கும். அப்படிப்பட்ட பெண்கள் கருவுற்றபோது ஓங்காளமும் சத்தியும் மிகக் குறைவாக, பலருக்கு இல்லாமலே, இருந்தது. உடல் முன்பே பழகிவிட்டது.

ஆகவே, சத்தியின் கடுமை மன உறுதியின் அளவுகோல் அல்ல. உன் அம்மா ஐந்து பெற்றாள், வயலில் நின்றே பெற்றாள் என்று மருமகளுக்குக் கணக்குச் சொல்வதில் அர்த்தமில்லை. அம்மாவின் இரத்தத்திலிருந்த அளவு வேறு, இவளுடையது வேறு.

கெடுவும் சத்தியும் மோதும் இடம் இதுதான். பெரும்பாலானோருக்குச் சத்தி ஆறாம் கிழமைக்குள் ஆரம்பித்து ஒன்பதாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போகிறது. எட்டுக் கிழமைக் கெடு சரியாக அந்த ஏற்றத்தில் விழுகிறது. எழும்பி நிற்க முடியாதவள் கொக்கிளாயிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ பஸ் ஏறி எப்படிப் போவாள்? இன்னொரு சிக்கல் கிளினிக்கிலேயே இருக்கிறது. முதல் நாள் தராசில் ஏற்றி அட்டையில் எழுதும் நிறைதான் அதன்பின் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 50 கிலோவாக இருந்தவள் பத்து நாள் சத்தியில் இரண்டரைக் கிலோ இழந்து வந்து நின்றால், அட்டையில் 47.5 என்று விழும். நூற்றுக்கு ஐந்து நிறை குறைவது அபாய அறிகுறி என்று வைத்திய நூல்கள் சொல்கின்றன. அவள் அந்த எல்லையைத் தொட்டுவிட்டாள். அட்டையில் அது தெரியாது. அதனால், முன்பு இருந்த நிறையை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள்.

"இது சாதாரணம், 12 கிழமையில் நின்றுவிடும்" என்ற உறுதிமொழியையும் முழுதாக நம்பவேண்டாம். பலருக்கு 16 வரை, சிலருக்கு 20 வரை போகும். கடுஞ்சத்தி உள்ளவர்களில் சிலருக்குப் பிள்ளை பிறக்கும்வரையும் நீடிக்கும். ஒரு முழு நாள் தண்ணீர் தங்காவிட்டால், எட்டு மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டால் அல்லது தேயிலைச் சாயமாகப் போனால், எழும்பும்போது கண் இருட்டினால், அது சாதாரணம் அல்ல. வன்னி வெயிலில் உடல் காய்ந்துபோவது வெகு வேகம். வவுனியா, வெலிஓயாப் பக்கங்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே நீரிழப்பை அசட்டை செய்யவே கூடாது.

மருந்து உண்டு. பி6 விற்றமினும் சத்தியை அடக்கும் சில பழைய மருந்துகளும் கர்ப்பகாலத்தில் பல பத்தாண்டுகளாகப் பாவிக்கப்படுகின்றன. தலிடொமைட் என்ற மருந்து 1950களின் கடைசியில் செய்த கொடுமையால் வந்த பயம் இன்றும் வைத்தியர்களையும் தாய்மாரையும் பின்னிழுக்கிறது. பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி ஒரு பெண்ணைப் பட்டினி போட முடியாது. நாட்கணக்கில் சத்தி எடுத்தவளுக்குக் குளுக்கோஸ் சேலைன் ஏற்றுமுன் தயமின் என்ற பி1 விற்றமின் கொடுப்பது மூளையைக் காக்கும். வார்டில் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நீரிழிவுக் குளிசையான மெற்போமின் ஜி.டி.எஃப்-15ஐக் கூட்டும் என்பதால் முற்காப்பாகப் பயன்படுமா என்று ஆராய்கிறார்கள். அதற்காக மாமாவின் குளிசையை எடுத்துப் போடாதீர்கள்.

கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் 2024 மே மாதம் நெதர்லாந்து உதவியோடு மகளிர் சுகாதாரத்துக்கான பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. நல்லது. ஆனால் எட்டாம் கிழமைப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது வீட்டுப் படலைக்கு வந்து நிறை பார்க்கும் மிட்வைஃபும், "சாதாரணம்" என்று அனுப்பாத ஒரு வைத்தியரும். கட்டடத்தைக் காட்டி அந்த இடத்தை நிரப்ப முடியாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

சத்தியே இல்லையே, பிள்ளை சுகமா? பெரும்பாலும் சுகம்தான்.

அடிக்கடி சலம் போகிறதே? வழமை, ஆனால் எரிவோ காய்ச்சலோ சேர்ந்தால் கிருமித்தொற்று.

மலச்சிக்கல், மார்பு நோ, தீராத களைப்பு? புரொஜெஸ்ரரோன் ஹோர்மோனின் வேலை.

மண், சாம்பல் தின்ன ஆசை? இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், இரத்தம் பாருங்கள்.

துளித்துளியாக இரத்தம் பட்டால்? பலருக்கு ஒன்றுமாகாது, இருந்தாலும் அன்றே காட்டுங்கள்.

ஒரு பக்க அடிவயிற்றில் கடும் நோ, மயக்கம், தோள்மூட்டில் குத்து? கரு குழாயில் வெடித்திருக்கலாம், ஒரு நிமிடமும் வீட்டில் நிற்கவேண்டாம்.

விசுவமடுச் சகோதரிக்கு: மிட்வைஃபின் தொலைபேசிக்கு இன்றே அழையுங்கள், வீட்டுக்கு வந்து பதியும்படி கேளுங்கள். தண்ணீர் இன்னும் தங்கவில்லை என்றால் அவர் வரும்வரை பார்த்திருக்கவேண்டாம். 1990 இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.