எஞ்சினின் பசி
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மூச்சு நன்றாக வாங்கத் தெரிந்தவனெல்லாம் மூட்டை தூக்கிவிட முடியாது. வயிற்றிலும் ஏதாவது இருக்க வேண்டும். டர்போ பொருத்திய கார் எஞ்சினின் கதையும் இதுதான். பெரிய டர்போ போட்டால் மூச்சு பெருகும். சோறு?

நண்பர்களே, எங்கள் வீட்டில் கார் கிடையாது. என் அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு கார்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் இக்கல்லூரியில் படிக்கிறேன். சென்ற ஆண்டு அந்தப் பட்டறைக்கு வந்த ஒரு டர்போ காருக்குப் பெரிய டர்போ பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் நாளே ஒரு பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுந்துவிட்டது. பற்றவைக்கும் நேரத்தை அண்ணன் தவறாக வைத்ததே காரணம் என்று சொல்லி, அவருடைய சம்பளத்தை நிறுத்திவைத்தார்கள். விடுமுறைக்குச் சென்றிருந்தபோது, "நீ பிஸிக்ஸ்தானே தம்பி படிக்கிறே? பெட்ரோல் பத்தலைன்னு எனக்குத் தோணுது. கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். அந்தக் கணக்குதான் இக்கட்டுரை.

அந்த வண்டியின் விவரங்களை வெளியில் எழுதுவது முறையன்று. ஆகவே உலகமெங்கும் இளைஞர்கள் பேசித் தீர்க்காத ஒரு காரை உதாரணமாகக் கொள்வோம்: ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 1993-இல் வெளியிட்ட சுப்ரா. அதன் 2ஜேஇஸட்-ஜிடிஇ எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர்கள், இரண்டு டர்போக்கள். கொள்ளளவு 2997 சி.சி. அமெரிக்காவுக்குச் சென்ற வண்டியில் 320 குதிரைத்திறன். வார்ப்பிரும்பு பிளாக் என்பதால் இதைப்போல் இரு மடங்கு திறனையும் தாங்கும். எனவே 600 குதிரைத்திறன் வேண்டும் என்று ஒருவர் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் விசிறி. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 1.5 பார் அழுத்தினால், ஏறத்தாழ இரண்டரை மடங்கு காற்று சிலிண்டருக்குள் திணிக்கப்படுகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும் என்று வேதியியல் வகுப்பில் கணக்கிடலாம். ஆனால் டர்போ முழு வேகத்தில் ஓடும்போது அந்த விகிதத்தை யாரும் வைப்பதில்லை. 11.5 அல்லது 12 கிராம் காற்றுக்கே ஒரு கிராம் பெட்ரோல் கொடுப்பார்கள். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு, உள்ளறையைக் குளிர்விக்கிறது. வீணாகத் தெரியும் அந்தப் பெட்ரோல்தான் பிஸ்டனுக்குக் காவல்.

காற்று வந்து பெட்ரோல் வராவிட்டால் வெப்பம் ஏறுகிறது. தீச்சுடர் வந்து சேருமுன்னரே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கிறது. பட்டறையில் இதை நாக்கிங் என்கிறார்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகிவிடும். பிஸ்டன் செய்யும் உலோகக் கலவை அதற்கும் முன்பே இளகும். ஓட்டை விழச் சில விநாடிகள் போதும்.

சரி, கணக்குக்கு வருவோம். டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 0.27 கிலோ பெட்ரோல் கேட்கும். 600-க்கு 162 கிலோ. பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு 0.74 கிலோ என்றால், மணிக்கு 219 லிட்டர். ஆறு இன்ஜெக்டர்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 608 சி.சி. பீய்ச்ச வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 608 என்றால் 610 சி.சி. இன்ஜெக்டர் வாங்கினால் போதாதா? போதாது. இன்ஜெக்டர் என்பது மின்காந்தத்தால் திறந்து மூடும் சிறு கதவு. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது இரண்டு சுற்றுக்கு, 20 மில்லி விநாடிதான் கிடைக்கிறது. திறக்கவும் மூடவும் நேரம் வேண்டுமல்லவா? ஆகவே 85 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 17 மில்லி விநாடிக்கு மேல், அதைத் திறந்து வைக்கக் கூடாது என்பது நடைமுறை. 608-ஐ 0.85-ஆல் வகுத்தால் 716. சுப்ராவோடு வந்த இன்ஜெக்டர் ஜப்பானில் 440 சி.சி., அமெரிக்காவில் 550 சி.சி. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் முதலாவது ஏறத்தாழ 370 குதிரைத்திறனுக்கும், இரண்டாவது 460-க்கும் தாங்கும். 600 கேட்பவருக்கு 750 சி.சி.க்குக் குறையாமல் வேண்டும்.

அப்படியானால் 2000 சி.சி. வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? அதுவும் தவறு. சிக்னலில் நிற்கும்போது எஞ்சினுக்கு வேண்டியது சில துளிகள். பெரிய கதவை மிகக் குறைந்த நேரம் திறந்து மூடினால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விழாது, எஞ்சின் இருமும். இக்கால இன்ஜெக்டர்கள் இதில் நன்கு தேறிவிட்டன என்றாலும், ஆசைக்கு அளவு வேண்டும்.

பழைய இன்ஜெக்டரையே வைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றலாமே என்று அண்ணன் கேட்டார். பெர்னூலி தேற்றம் படித்தவர்களுக்கு விடை தெரியும். துளை வழியாகப் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பாரை 4 ஆக்கினால் பாய்வு மூன்றில் ஒரு பங்கு கூடாது. 15 விழுக்காடுதான் கூடும். 550 என்பது 635 ஆகும். அதே வேளையில் பம்பின் சுமை ஏறிவிடும்.

பம்பைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் எல்லாரும் மறப்பது அதைத்தான். இன்ஜெக்டரின் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் டர்போ தள்ளும் காற்று. காற்று 1.5 பாரில் எதிர்த்து நின்றால், பெட்ரோல் 4.5 பாரில் வந்தால்தான் வித்தியாசம் 3 பாராக நிலைக்கும். இதற்காகவே ரெகுலேட்டரிலிருந்து ஒரு சிறு குழாய் காற்றறைக்குச் செல்கிறது. அப்படியென்றால் மிக அதிகம் பெட்ரோல் தேவைப்படும் அதே கணத்தில்தான் பம்ப் மிக அதிக அழுத்தத்தோடு போராடுகிறது. அழுத்தம் ஏற ஏறப் பம்பின் பாய்வு குறையும். மணிக்கு 255 லிட்டர் என்று விற்கப்படும் பம்ப் அந்த அளவைக் கொடுப்பது சுமார் 3 பாரில், 4.5 பாரில் அன்று. ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல், அழுத்தத்துக்கு எதிராகப் பாய்வைக் காட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். 219 லிட்டரோடு இருபது விழுக்காடு சேர்த்து, 4.5 பாரில் 263 லிட்டர் தரும் பம்ப் நம் சுப்ராவுக்கு வேண்டும். ஒன்றால் முடியாவிட்டால் இரண்டு.

ஒரு வேடிக்கை: அழுத்தத்தைப் பாய்வால் பெருக்கிப் பார்த்தேன். 219 லிட்டரை 4.5 பாரில் தள்ளச் செலவாகும் திறன் 27 வாட்தான்! பம்போ 12 ஆம்பியருக்கு மேல் இழுத்து 150 வாட்டுக்கு மேல் தின்கிறது. மீதி வெப்பமாகிப் பெட்ரோலோடு டேங்குக்கே திரும்புகிறது. நீண்ட நேரம் ஓடிய வண்டியில் டேங்க் சுடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

எத்தனால் கலந்தால் கணக்கு மாறும். 85 விழுக்காடு எத்தனால் உள்ள எரிபொருளுக்குக் காற்று விகிதம் 9.8 அளவில்தான் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும். நம் 716 சி.சி. ஏறத்தாழ 1000-ஐத் தொட்டுவிடும். ஆனால் அது நாக்கிங்கை நன்கு தடுக்கும், குளிர்விக்கும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பந்தயப் பிரியர்கள் அதை விரும்புவது இதனால்தான். நம் நாட்டிலும் 2025-இல் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டதால், பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். குழாய், ஃபில்டர், வளைவில் பெட்ரோல் ஒதுங்காமலிருக்க டேங்குக்குள் தடுப்பு ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். விரித்தால் ஆசிரியர் குழு பக்கம் ஒதுக்காது.

இவ்வளவையும் தாளில் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். அவர் வண்டியின் கணக்கைப் பார்த்தால் பம்ப் சற்றே போதுமானதாகத்தான் தெரிந்தது. எனக்கு ஏமாற்றம். பிறகுதான் அந்த வரைபடத்தின் அடியில் "13.5 வோல்ட்டில்" என்று சிறிய எழுத்தில் இருந்ததைக் கவனித்தேன். பம்பின் முனையில், எஞ்சின் ஓடும்போது, வோல்ட் அளந்து பார்க்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் இரவு போன் வந்தது. பேட்டரியில் 13.8, பம்பின் முனையில் 11.4. புதுப் பிஸ்டன் போட்டு நின்ற அதே வண்டியில், அதே பழைய மெல்லிய கம்பி, துருப்பிடித்த எர்த் இணைப்பு. 12 ஆம்பியரில் 2.4 வோல்ட் இழப்பு. ஓம் விதிப்படி 0.2 ஓம். முதலாண்டுச் செய்முறை வகுப்பில் இதைவிடப் பெரிய மின்தடையைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொட்டாவி விட்டிருக்கிறேன்.

தடித்த கம்பியும் தனி ரிலேயும் போட்டபின் 13.4 காட்டுகிறதாம். புது இன்ஜெக்டர் வாங்குவதை வண்டிக்காரர் தள்ளிவைத்திருக்கிறார். நிறுத்திவைத்த சம்பளத்தில் பாதி சென்ற மாதம் அண்ணனுக்கு வந்தது. மீதிக்கு முதலாளி இன்னும் நாள் சொல்லவில்லை.