உங்களுக்குத் தெரியுமா? ஓரடி அகலப் படகு

ஒரே ஆள் இரண்டு துடுப்புகளால் ஓட்டும் பந்தயப் படகுக்குச் சிங்கிள் ஸ்கல் என்று பெயர். நீளம் சுமார் 8 மீட்டர். தண்ணீரைத் தொடும் இடத்தில் அகலம் ஏறக்குறைய ஓரடிதான்! சர்வதேசப் போட்டிகளில் இதன் எடை 14 கிலோவுக்குக் குறையக் கூடாது. 90 கிலோ எடையுள்ள வீரர், தன் எடையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்றின் மேல் உட்கார்ந்து 2,000 மீட்டர் பாய்கிறார்.

● இந்தப் படகு தானாக நிமிர்ந்து நிற்காது. இரு பக்கமும் நீண்டு கிடக்கும் துடுப்புகள்தான் அதைத் தாங்குகின்றன. கைப்பிடிகளை விட்டுவிட்டால் நொடியில் கவிழலாம். அதனால் புதியவர் கற்கும் முதல் பாடமே சும்மா இருப்பதுதான்: இரண்டு கைப்பிடிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, துடுப்பு முனைகளைத் தண்ணீர் மேல் தட்டையாகப் படுக்கவிட்டு அமர வேண்டும். அப்போது படகு நிற்கும்.

● அகலமான பயிற்சிப் படகில் நன்றாக ஓட்டியவர், ஒல்லியான வேகப் படகுக்கு மாறியதும் தடுமாறுவார். கை உயரத்தில் இருந்த சிறு சிறு பிசகுகளை அகலப் படகு பொறுத்துக்கொண்டது, இது பொறுக்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கக் கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் நிமிரும். பயத்தில் பலரும் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறார்கள். இறுக்கிய கைக்குத் துடுப்பு சொல்லும் செய்தி எட்டாது. விரல்களால் தளர்வாகப் பிடிக்கப் பழகுவதுதான் வேகப் படகின் பாதிப் பாடம் என்பேன்.

● துடுப்பை இழுக்கும்போது நடுவில் இரண்டு கைப்பிடிகளும் ஒன்றன் மேல் ஒன்று வந்துவிடும். வழக்கமாக இடது கை மேலே, வலது கை கீழே. இதற்காகவே இடக்கைத் துடுப்பைத் தாங்கும் கொண்டியைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி வைப்பார்கள். கைகள் இப்படிக் கடக்கும்போது உரசுவதுதான் புதியவர்களின் விரல் முட்டிகளில் நகக்கீறல் இருப்பதன் ரகசியம்.

● படகு மிக வேகமாக ஓடுவது எப்போது? துடுப்பை இழுக்கும்போது அல்ல! இழுத்து முடித்து, துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து, அடுத்த வீச்சுக்காக நகரும் இருக்கையில் முன்னே சறுக்கி வரும்போதுதான். ஓட்டுபவர் பயணத் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறார். அவருடைய உடல் படகின் பின்முனையை நோக்கிச் சறுக்கும்போது, அவரைவிடப் பல மடங்கு எடை குறைந்த படகு அவருக்கு அடியில் எதிர்த்திசையில், அதாவது போக வேண்டிய பக்கமே, முந்திக்கொண்டு ஓடுகிறது. சறுக்கி முடித்துக் கால்களை உதைக்கத் தொடங்கும் கணத்தில் வேகம் சட்டென்று விழுகிறது.

அவசரப்பட்டுச் சறுக்கினால் முடிவில் உடலை நிறுத்த வேண்டிய உதையும் பலமாகிறது. அது படகைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வேகப் படகு கிடைத்ததும் எல்லாவற்றையும் வேகமாகச் செய்யத் தோன்றும். இழுப்பதில் பலமும், திரும்பி வருவதில் நிதானமும் வேண்டும். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அழகு இது.

● ஆளே நகராமல் இருந்தால்? அதையும் செய்து பார்த்தார்கள். இருக்கையை நிலையாக வைத்து, துடுப்புகளைத் தாங்கும் சட்டத்தை நகரவிட்டார்கள். மேற்கு ஜெர்மனியின் பீட்டர்-மைக்கேல் கோல்பே 1981 உலகப் போட்டியில் அந்தப் படகில் தங்கம் வென்றார். 1983 உலகப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்த அத்தனை பேரும் அதே அமைப்புக்கு மாறியிருந்தார்கள். பிறகு சர்வதேசத் துடுப்புப் படகுச் சம்மேளனம் அதற்குத் தடை விதித்தது.

● வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். தண்ணீரின் தடை அப்படி.

● இந்தப் படகில் பெரும்பாலும் சுக்கான் கிடையாது. ஒரு துடுப்பைக் கொஞ்சம் அழுத்தி இழுத்துத்தான் திருப்ப வேண்டும். நேராகப் போக, பின்னால் விலகிச் செல்லும் கரையில் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ குறி வைத்துக்கொள்வார்கள். சில வீச்சுகளுக்கு ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார்கள். மோதினால் காயம் குறையவே படகின் கூரிய முன்முனையில் ஒரு ரப்பர் பந்து.

● 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் காலிறுதியில் ஆஸ்திரேலியாவின் பாபி பியர்ஸ் முன்னணியில் இருந்தபோது, வாத்துக் குடும்பம் ஒன்று வரிசையாகக் குறுக்கே வந்தது. துடுப்பை நிறுத்தி வழிவிட்டார். அந்தப் பந்தயத்தையும் வென்றார், தங்கத்தையும் வென்றார். 1932இல் மறுபடியும் தங்கம்!

● 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்று, ஆசியப் போட்டித் துடுப்புப் படகில் இந்தியாவுக்கு முதல் தங்கம் தந்த பஜ்ரங் லால் தாக்கர், ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்துக்காரர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 13ஆம் இடம் பிடித்த தத்து போகனால், வறட்சி வாட்டும் நாசிக் வட்டாரத்தில் கிணறு வெட்டிய தொழிலாளி. இருவரும் துடுப்பைப் பிடித்தது ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான். ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கே உரிய விளையாட்டு என்று யாராவது சொன்னால் இந்த இருவரைக் காட்டுங்கள்.

● சென்னையில் அடையாற்றங்கரையில் இருக்கும் மெட்ராஸ் போட் கிளப் தொடங்கியது 1867இல்.

● கவிழ்ந்தால் என்ன செய்வது? படகை விட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது. படகு மிதக்கும், அதைப் பிடித்திருந்தாலே பாதுகாப்பு. காலணிகள் படகோடு பொருத்தப்பட்டவை. குதிகால் பக்கம் கட்டிய கயிறு, கால்களை இழுத்தவுடன் கழற்றிவிட உதவும். கிளம்புமுன் அந்தக் கயிறு சரியாக இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். மீண்டும் ஏற, படகை நிமிர்த்தி, துடுப்புகளைக் குறுக்காக நீட்டி, இரண்டு கைப்பிடிகளையும் ஒரே கையில் பிடித்தபடி உடலைத் தூக்கிப் படகின் மேல் போட வேண்டும். இதை ஆழமில்லாத இடத்தில், பயிற்சியாளர் அருகில் இருக்கும்போது வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக வேண்டும். நீச்சல் தெரியாமல் இந்தப் படகில் ஏறவே கூடாது.