தலை பறந்த ஆறாம் நம்பர்: கோல்ஃப் கிளப்புக்கு ஷாஃப்ட் மாத்துறது எப்படி?

இந்த எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கிறேன்.

சென்னையில நான் வழக்கமா போற டிரைவிங் ரேஞ்ச்ல பந்து பொறுக்குற தம்பி ஒருத்தன் இருக்கான். சில மாசத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை காலையில, நான் வீசின ஆறாம் நம்பர் அயர்னோட தலை கழண்டு பறந்து போய் அவனுக்குப் பத்தடி தள்ளி விழுந்துச்சு. பந்து மேட்லயே இருக்கு, என் கையில வெறும் குச்சி. ரேஞ்ச் முழுக்க ஒரு நிமிஷம் அமைதி.

அந்தக் கிளப்புக்கு ஷாஃப்ட் மாத்தினது நான்தான். ரெண்டு வாரம் முன்னாடி, வீட்டு பால்கனியில, ஒரே ஒரு வீடியோவைப் பார்த்துட்டு.

கோல்ஃப் தெரியாதவங்களுக்கு: ஒரு கிளப்புல மூணே பாகம்தான். கையில பிடிக்கிற ரப்பர் கிரிப், நடுவுல ஷாஃப்ட்ங்குற நீளமான தண்டு, கீழே பந்தை அடிக்கிற தலை. தலையில ஒரு சின்னக் குழாய் இருக்கும், அதுக்குப் பேர் ஹோசல். அதுக்குள்ள ஷாஃப்ட் சுமார் ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் அதிகமா இறங்கி நிக்குது. ஸ்க்ரூ இல்ல, வெல்டிங் இல்ல. வெறும் எபாக்ஸி பசை.

இதுக்கு எவ்ளோ லோட் வரும்னு அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலை சுமார் 260 கிராம். என்ன மாதிரி ஆள் வீசினா மணிக்கு 75 மைல் வேகம்னு வெச்சுக்கலாம். அந்த வேகத்துல தலை வெளிய இழுக்குற விசை, ஒரு தண்ணி கேனை அந்த ஒட்டுல தொங்கவிட்ட மாதிரி, கிட்டத்தட்ட 20 கிலோ. கூடவே பந்துல படும்போது ஒரு அதிர்ச்சி, ஒரு முறுக்கு. ஒழுங்கா ஒட்டின எபாக்ஸிக்கு இதெல்லாம் ஜுஜுபி. நான் ஒழுங்கா ஒட்டல.

சரி, எதுக்கு மாத்தணும்? என் கேஸ் சிம்பிள். ஆபீஸ்ல ஒருத்தர் வித்த பழைய செட்ல, ஆறாம் நம்பரோட கிராஃபைட் ஷாஃப்ட் ஹோசல் கிட்ட விரிசல் விட்டிருந்துச்சு. ஆனா நிறைய பேர் நல்லா இருக்குற ஷாஃப்டையே மாத்துவாங்க, "ரெகுலர்ல இருந்து ஸ்டிஃப் போனா பந்து நேரா போகும்"னு நம்பி. இங்க ஒரு விஷயம். ஷாஃப்ட் மேல போட்டிருக்குற ஆர், எஸ், எக்ஸ் எல்லாம் எவ்வளவு வளையும்னு சொல்ற எழுத்துதான். ஆனா அதுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியோட எஸ், இன்னொரு கம்பெனியோட ஆர் மாதிரி இருக்கலாம். அதனால எழுத்தைப் பார்த்து வாங்காதீங்க. யாரோட கிளப்பையாவது கேட்டு வாங்கி நாலு பந்து அடிச்சுப் பாருங்க.

இந்த விளையாட்டே ஷாஃப்டை மாத்தி மாத்தித்தான் வளர்ந்துச்சு. ஸ்டீலுக்கு முன்னாடி ஹிக்கரி மரம். ஸ்டீலை அமெரிக்காவுல 1924-ல அனுமதிச்சாங்க, ஸ்காட்லாந்துல இருக்குற ஆர் அண்ட் ஏ 1929-லதான் ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு அடுத்த வருஷம் பாபி ஜோன்ஸ் ஒரே சீசன்ல நாலு பெரிய பட்டத்தையும் ஜெயிச்சது மர ஷாஃப்ட்ல! அப்போ உங்க ஸ்லைஸுக்கு ஷாஃப்ட் மட்டும்தான் காரணமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி நுனியோட விட்டத்தை அளந்துடுங்க. அயர்ன்ல ரெண்டு வகை உண்டு. 0.370 இன்ச் வகை பேரலல், நுனிப்பகுதி கொஞ்ச தூரத்துக்கு ஒரே தடிமனா இருக்கும். அதை நுனிப் பக்கம் வெட்டி எந்த நம்பர் அயர்னுக்கும் செட் பண்ணலாம். நுனியில எவ்ளோ வெட்டுறீங்களோ அவ்ளோ விறைப்பாகும். 0.355 வகை டேப்பர், நுனி கூம்பா போகும். இதுல நுனியில கை வைக்கக் கூடாது, கிரிப் பக்கம் மட்டும்தான் வெட்டணும். டிரைவர்ல பெரும்பாலும் 0.335. இப்ப வர்ற டிரைவர்கள்ல ஸ்லீவ் இருக்கும், ஒரு ஸ்க்ரூவைக் கழட்டினா ஷாஃப்ட் கையோட வந்துடும், சூடே தேவையில்ல. ஆனா ஸ்லீவ் கம்பெனிக்குக் கம்பெனி வேற, சில சமயம் மாடலுக்கு மாடல் வேற. நம்ம ஆளுங்களுக்குச் சொல்லவே வேணாம், வெர்ஷன் பிரச்சனைதான்.

கழட்டுறதுக்கு வழி சூடு. ஹோசலைச் சூடாக்கினா பசை இளகிடும். ஸ்டீல் ஷாஃப்ட்னா வைஸ்ல ரப்பர் வெச்சு இறுக்கி, ஹீட் கன்னால ஹோசலைச் சுத்திச் சுத்திக் காட்டி, தடிமனான லெதர் கிளவுஸ் போட்டுட்டு தலையைத் திருகி இழுத்தா வந்துடும். கிராஃபைட்னா அந்தத் திருகல் ஆகவே ஆகாது. அது கார்பன் நாரும் பிசினும் சேர்ந்தது. சூடு ஓவராச்சுன்னா பிசின் போயிடும், திருகினா நார் பிரிஞ்சு துடைப்பம் மாதிரி ஆயிடும். திரும்பப் பயன்படுத்தணும்னா, கொஞ்சமா சூடு காட்டி நேரா இழுக்குற புல்லர் கருவி வேணும். அது இல்லேன்னா கடையில குடுத்துடுங்க. என்னோடது ஏற்கனவே விரிஞ்சது, அதனால தைரியமா பண்ணேன். ஜன்னலைத் திறந்து வைங்க, புகை நல்லதில்ல. சூடா இருக்கும்போது தலையை யார் பக்கமும் திருப்பாதீங்க.

இனிமேதான் நான் சொதப்பின இடம்.

தலை பறந்த அன்னிக்கு, ரேஞ்ச்ல ரொம்ப வருஷமா கேடியா இருக்குற ஒரு அண்ணன் என் கையில இருந்த குச்சியை வாங்கி நுனியைப் பார்த்தார். குரோம் பளபளன்னு இருந்துச்சு. அதுமேல இருந்த பசையை நகத்தால நெம்பினார். நெயில் பாலிஷ் மாதிரி ஏடா உரிஞ்சு வந்துச்சு.

"தம்பி, இது ஒட்டவே இல்ல. சும்மா பக்கத்துல நின்னுட்டு இருந்திருக்கு."

பசைக்கு வழவழப்பு ஆகாது. ஸ்டீல் நுனியில இருக்குற குரோமை உப்புத்தாள் போட்டு, பளபளப்பு முழுக்கப் போய் மங்கலாகுற வரைக்கும் தேய்க்கணும், ஹோசலுக்குள்ள போற நீளத்துக்கு மட்டும். கிராஃபைட்னா பெயிண்ட் மட்டும் போகணும், நார் அறுபடக் கூடாது. ஹோசலுக்குள்ள ஒட்டியிருக்குற பழைய பசையைக் கம்பி பிரஷ்ஷால சுரண்டி எடுக்கணும். கடைசியா ரெண்டையும் அசிட்டோன்ல துடைக்கணும். அதுக்கப்புறம் விரல் படக்கூடாது, நம்ம ஊர் வேர்வைக்கு ஒரு தடவை தொட்டாலே எண்ணெய்ப் பசை வந்துடும். இதுல எதையுமே நான் பண்ணல. பத்து நிமிஷ வேலை, சோம்பேறித்தனம்.

ரெண்டாவது தப்பு பசை. ஹார்டுவேர் கடையில கிடைச்ச அஞ்சு நிமிஷ எபாக்ஸியைப் போட்டேன். அது அடி தாங்காது, சூட்டுல இளகும். மே மாசம் கார் டிக்கிக்குள்ள கிளப் கிடந்தா என்ன ஆகும்னு சொல்லணுமா? கோல்ஃப் கிளப்புக்குன்னே வர்ற ரெண்டு பாகப் பசையை வாங்குங்க. சொன்ன அளவுல ரெண்டையும் நல்லாக் கலக்கி, ஹோசலுக்குள்ளயும் நுனியிலயும் ரெண்டு பக்கமும் தடவி, மெதுவா சுழட்டி இறக்கணும். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் வளையம், ஃபெர்ரூல், அதை முன்னாடியே மாட்ட மறந்துடாதீங்க. அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தொடாம நிக்க வைங்க.

பசை காஞ்சதும் கிரிப் பக்கம் நீளத்தை அளந்து வெட்டணும். ஸ்டீலுக்குப் பிளம்பர் வெச்சிருக்குற பைப் கட்டரே போதும். கிராஃபைட்னா டேப் சுத்தி, நைஸான பிளேடால அறுக்கணும், மாஸ்க் கட்டாயம். அரை இன்ச் மாறினாலே கையில தலையோட கனம் வேற மாதிரி தெரியும், அதனால செட்ல பக்கத்து நம்பர் கிளப்பை வெச்சு ஒப்பிட்டுப் பார்த்து வெட்டுங்க. கிரிப் போடுறது ஈஸி: ரெண்டு பக்கம் ஒட்டுற டேப், கொஞ்சம் டர்பென்டைன், ஒரே தள்ளு.

அந்த அண்ணன் மேற்பார்வையில ஆறாம் நம்பரைத் திரும்பப் பண்ணேன். உப்புத்தாளை நான் ரெண்டு தடவை நிறுத்தினேன், ரெண்டு தடவையும் "இன்னும் கொஞ்சம்"னார். மறுநாள் முதல் அம்பது அடியும் வலைக்குள்ளதான். அடிச்ச பிறகு ஃபெர்ரூலுக்கும் தலைக்கும் நடுவுல இடைவெளி விட்டிருக்கான்னு பார்த்தோம். இல்ல.

அப்புறம் ரேஞ்ச்ல மேட் மேல நின்னேன். அந்தத் தம்பி கூடையோட தூரத்துல நின்னு என்னையே பார்த்துட்டு இருந்தான். கிளப்பை எடுத்ததும் கத்தினான்:

"அண்ணா, இன்னைக்குத் தலை இருக்கும்ல?"

"இருக்கும்டா"ன்னேன். அவன் நம்பல, ஷெட்டுக்குப் பின்னாடி போயிட்டான். நான் அடிச்சு முடிக்கிற வரைக்கும் வரல.