சாட்சி பிழைத்ததால் தெரியவந்த வீரம்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. நிதானமாகவே பார்ப்போம்.

ஆண்ட்ரூ மைனார்ஸ்கி என்று ஒரு கனடா நாட்டு இளைஞர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராக இருந்தவர். 1944 ஜூன் 13 அன்று, 27 வயதில், பிரான்ஸ் மண்ணில் இறந்தார். அவர் செய்த காரியத்தின் கனம் புரிய வேண்டுமானால், அவர் பறந்த விமானத்தின் அமைப்பு முதலில் புரிய வேண்டும். அது தெரியாமல் வீரம், தியாகம் என்று சொன்னால் காதில் விழும், மனதில் தங்காது.

அந்த விமானத்தின் பெயர் லங்காஸ்டர். நான்கு இன்ஜின்கள், ஏழு பேர். விமானி, இன்ஜின்களைக் கவனிப்பவர், வழி கணிப்பவர், குண்டு போடுபவர், வானொலிக்காரர் ஆகிய ஐந்து பேரும் முன்பகுதியில் இருப்பார்கள். முதுகின் மேல் ஒரு துப்பாக்கிக் கூண்டு, வால் நுனியில் இன்னொன்று. முதுகுக் கூண்டில் மைனார்ஸ்கி, வால் கூண்டில் அவருடைய உற்ற நண்பர் பேட் ப்ரோஃபி.

வால் கூண்டு எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? மொட்டைமாடியில் நிற்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்குள் தடித்த உடையோடு ஒருவர் முடங்கி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். சுற்றிலும் உறையும் குளிர். மற்ற ஆறு பேரின் முகமும் தெரியாது, குரல் மட்டும் காதில் கேட்கும். கூண்டைத் திருப்புவது ஹைட்ராலிக் அழுத்தம். அந்த அழுத்தத்தைத் தருவது விமானத்தின் இன்ஜின். இன்ஜின் செத்தால் கூண்டு நின்றுவிடும். அப்போது கையால் சுழற்றித் திருப்ப ஒரு கைப்பிடி உண்டு.

பாராசூட்டைக் கூண்டுக்குள் வைத்துக்கொள்ள இடமில்லை. அது முதுகுக்குப் பின்னால், விமானத்தின் உடற்பகுதியில் இருக்கும். ஆபத்து வந்தால் கதவைத் திறந்து பாராசூட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, மல்லாந்தபடி வெளியே விழ வேண்டும். கூண்டு பாதியில் சிக்கிக்கொண்டால் முன்னாலும் வழியில்லை, பின்னாலும் வழியில்லை.

மைனார்ஸ்கி கனடாவின் வின்னிபெக் நகரத்துக்காரர். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறியவர்கள். 16 வயதில் தந்தையை இழந்து, தோல் தொழிலில் வேலைக்குப் போய்க் குடும்பத்துக்குத் தோள் கொடுத்தவர். 1941இல் விமானப்படையில் சேர்ந்தார். பிறகு 419ஆம் படைப்பிரிவு, வடகிழக்கு இங்கிலாந்தில் மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் விமானத்தளம். ப்ரோஃபி அதிகாரி, மைனார்ஸ்கி பதவியில் அவருக்குக் கீழே. நட்புக்கு அது குறுக்கே நிற்கவில்லை.

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியிருந்தன. ஜெர்மானியர் ரயிலில் துருப்புகளைக் கொண்டுவந்து குவித்தால், இறங்கிய படை கடலோரத்திலேயே நசுங்கிவிடும். ஆகவே ரயில் சந்திப்புகளை உடைக்க வேண்டும். ஜூன் 12 இரவு அவர்களுக்குக் குறித்த இலக்கு, வடபிரான்சில் காம்ப்ரே நகரின் ரயில் நிலைய வளாகம். அந்தக் குழுவுக்கு அது 13ஆவது பயணம்.

இலக்கை அடைவதற்குள் ஜெர்மன் இரவுப்போர் விமானம் ஒன்று கீழிருந்தும் பின்னிருந்தும் வந்து சுட்டது. இடப்பக்க இன்ஜின்கள் இரண்டும் செத்தன. இறக்கையில் தீ. முதுகுக் கூண்டுக்கும் வால் கூண்டுக்கும் நடுவே இன்னொரு தீ. எல்லோரும் குதித்துவிடுங்கள் என்று விமானி உத்தரவிட்டார்.

மைனார்ஸ்கி கூண்டிலிருந்து இறங்கி, வெளியேறும் கதவை நோக்கிப் போனார். குதித்தால் தப்பிவிடலாம். அந்த நேரத்தில் வால் பக்கம் பார்க்கிறார், ப்ரோஃபி சிக்கிக் கிடக்கிறார். இன்ஜின் நின்றதால் ஹைட்ராலிக் போயிற்று. கையால் திருப்ப முயன்றதில் கைப்பிடியும் உடைந்துபோயிற்று. மைனார்ஸ்கி கதவை விட்டுவிட்டு, தீக்குள் தவழ்ந்து வால் பக்கம் போனார். தீயணைப்புக் கோடரியால் கூண்டை நெம்பினார். பிறகு வெறுங்கையால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இதற்குள் உடையிலும் பாராசூட்டிலும் தீப்பிடித்துவிட்டது. போய்விடு, போய்விடு என்று ப்ரோஃபி கையசைத்தார். அந்தக் குறுகிய வழியில் திரும்ப முடியாமல், நண்பரைப் பார்த்தபடியே தீயினூடே பின்வாங்கினார் மைனார்ஸ்கி. கதவருகே வந்ததும் எரியும் உடையோடு விறைத்து நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார்.

எரிந்தபடி கீழே வந்தவரைப் பிரெஞ்சு மக்கள் கண்டார்கள். உயிரோடுதான் தரை தொட்டார். தீக்காயம் விடவில்லை, சிறிது நேரத்தில் இறந்துவிட்டார்.

அடுத்து நடந்ததை யாராலும் கணித்திருக்க முடியாது. விமானம் தரையில் மோதியபோது வால் கூண்டு பிய்ந்து, ப்ரோஃபி தூக்கியெறியப்பட்டார். பெரிய காயம் இல்லாமல் பிழைத்தார். மற்ற ஐவரும் பிழைத்தார்கள். ஏழு பேரில் இறந்தவர் மைனார்ஸ்கி ஒருவர்தான்.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. மைனார்ஸ்கி செய்ததைக் கண்ணால் கண்டவர் ப்ரோஃபி ஒருவர்தான். அவர் அந்தக் கூண்டிலேயே செத்திருந்தால், 13ஆவது பயணத்தில் ஒரு விமானம் திரும்பவில்லை, இருவர் மாண்டனர் என்ற அளவில் ஏட்டில் பதிந்திருக்கும். ப்ரோஃபி இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து சொன்னதால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. விமானி ஆர்ட் டி ப்ரெய்ன் அதை விடாமல் மேலிடத்துக்குக் கொண்டுபோனார். 1946 அக்டோபரில் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் மைனார்ஸ்கிக்கு அறிவிக்கப்பட்டது. இன்றும் பறக்கும் நிலையில் உள்ள இரண்டே லங்காஸ்டர்களில் ஒன்று கனடாவின் ஹாமில்டனில், அவர் பெயரைத் தாங்கிப் பறக்கிறது.

இப்போது மொத்தக் கணக்குக்கு வருவோம். மைனார்ஸ்கியின் பிரிவும் இருந்த பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். அவர்களில் இறந்தவர்கள் 55,573. பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பிள்ளைகள். இருட்டில் எரிந்து விழுந்த எத்தனையோ விமானங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அவற்றுக்குள் யார் யாருக்காகத் திரும்பிப் போனார் என்று சொல்ல ஆளில்லை. காணாமற்போன 40,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரைத் தேடப் போருக்குப் பின் தனிக் குழுக்கள் ஐரோப்பா முழுக்க அலைந்தன. இன்ஜினில் பொறித்த எண், மோதிரம், சட்டையில் தைத்த பெயர்த்துணி என்று கிடைத்ததை வைத்து அடையாளம் கண்டார்கள். அப்படியும் கல்லறையே இல்லாத 20,000க்கும் மேற்பட்ட பெயர்கள் லண்டனுக்கு அருகே ரன்னிமீட் நினைவகத்தின் சுவர்களில் இருக்கின்றன.

இதைப் பேசும்போது குண்டு விழுந்த இடத்தையும் பேசியாக வேண்டும். ஹாம்பர்க், டிரெஸ்டன் போன்ற நகரங்களில் பல்லாயிரம் பொதுமக்கள் மாண்டார்கள். பிரான்சிலும், விடுவிக்க வந்தவர்களின் குண்டுக்கே மக்கள் பலியானார்கள். இந்தச் சங்கடத்தால் குண்டுவீச்சுப் படையினருக்கு லண்டனில் ஒரு பொது நினைவகம் எழ 2012 வரை ஆயிற்று. அந்த நினைவகத்திலும், குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகம் இருக்கிறது. அதுவே சரியான முறை. மேலே எரிந்தவனுக்காக அழுவதால், கீழே எரிந்தவர்களை மறந்ததாக ஆகிவிடாது. இருவரையும் சேர்த்து நினைக்காத நினைவு அரைகுறை நினைவு.

நமக்கும் இதில் பங்கு உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையில் அன்று குண்டுவீச்சுப் பிரிவாக இருந்த 99ஆம் படைப்பிரிவுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்றே பெயர். அந்தப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். சென்னை நந்தம்பாக்கத்தில், மவுண்ட்–பூந்தமல்லி சாலையில், அந்தப் போரில் இறந்த வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஒருநாள் உள்ளே போய், கல்லில் உள்ள பெயர்களையும் வயதையும் வாசித்துப் பாருங்கள்.

கூடவே இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் குடும்பத்தில் தாத்தாவோ பெரிய தாத்தாவோ பர்மாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ இத்தாலிக்கோ போனவராக இருந்தால், அவரைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பெரியவர் இன்னும் வீட்டில் இருக்கக்கூடும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெயர், படைப்பிரிவு, ஊர், வருடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதி வையுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் அதன் பின்பக்கம் பெயரைக் குறியுங்கள். தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே செய்யுங்கள்.