அன்னாசியும் கணையமும்

பொந்தியான் மாவட்டத்தின் கரிச்சதுப்பு நிலம் அன்னாசிக்குப் பேர்போனது. பெக்கான் நானாஸில் அந்தப் பழத்துக்கென ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. புதுப்பழத்தில் நாலைந்து துண்டு தின்றால் நாக்கு சுரசுரக்கும். புளிப்போடு புரோமெலைன் என்ற நொதிக்கும் அதில் பங்குண்டு. புரதத்தை வெட்டுவதுதான் அதன் தொழில். அன்னாசிச் சாற்றில் ஊறிய இறைச்சி மெத்தென்று ஆவதும், பச்சை அன்னாசி போட்ட ஜெலட்டின் எத்தனை நேரமானாலும் உறையாததும் அதனால்தான். டின் அன்னாசி போட்டால் ஜெலட்டின் நன்றாக உறையும். சூடாக்கியதில் நொதி செயலிழந்திருக்கும்.

இதே வெட்டு வேலை நம் சிறுகுடலிலும் நடக்கிறது, இன்னும் மும்முரமாக. இரைப்பையிலிருந்து புளித்த கூழாக இறங்கும் உணவின் மீது கணையம் தன் காரச் சாற்றைப் பொழிகிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர்! ரொட்டி சானாயின் மாவுச்சத்தை அமைலேஸ் உடைக்கும். அதன் நெய்யை லைப்பேஸ் பார்த்துக்கொள்ளும். பித்தநீரும் செரிமான நொதி என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. கொழுப்பைச் சிறு துளிகளாக்கி லைப்பேஸுக்குத் தோதாகக் கொடுப்பதுதான் செரிமானத்தில் அதன் முக்கிய வேலை. கடைசி வெட்டு குடல் சுவரிலேயே நடக்கும். பால்சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் இருப்பது அங்கேதான். வளர்ந்த பிறகு பலருக்கு அது குறைந்துவிடுவதால் பால் குடித்தால் வயிறு உப்புகிறது.

புரதத்தை வெட்டும் டிரிப்சினைத்தான் நான் பெரிதும் வியக்கிறேன். கணையமும் புரதத்தால் ஆனதுதானே, அதை ஏன் இது அரிப்பதில்லை? கணையம் இதை டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவத்தில்தான் தயாரிக்கிறது, உறையிலிட்ட கத்தி மாதிரி. சிறுகுடலின் தொடக்கத்தில், குடல் சுவரிலுள்ள என்டிரோபெப்டிடேஸ் அதன் ஒரு சிறு முனையை நறுக்கியதும் அது டிரிப்சினாக மாறுகிறது. பிறகு டிரிப்சினே மற்ற டிரிப்சினோஜனையும் கணையத்தின் பிற நொதிகளையும் எழுப்பிவிடும். குடல் சுவரின் இந்தத் தூண்டுதலைக் கண்டறிந்தது ரஷ்யாவில் பாவ்லோவின் ஆய்வுக்கூடம்.

பித்தப்பைக் கல்லாலோ மிதமிஞ்சிய மதுவாலோ இந்த ஏற்பாடு குலைந்து, டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்வதும் உண்டு. அப்போது கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும். மேல்வயிற்றில் தாங்கமுடியாத வலி எழுந்து முதுகுக்குப் பாய்ந்து, வாந்தியும் நிற்காவிட்டால், வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.