இமை வெளுத்தால் தாமதம் வேண்டாம்: மழைக்காலத்தில் ஆட்டைக் காப்பாற்றுவது எப்படி?

கழிச்சல் இல்லை, காய்ச்சலும் இல்லை. நேற்றுவரை நன்றாக மேய்ந்த ஆடு இன்று மந்தைக்குப் பின்னால் தளர்ந்து நிற்கிறது. மறுநாள் காலை கொட்டகையில் செத்துக் கிடக்கிறது. செம்பனைக் காட்டோரத்தில் பத்து, பதினைந்து ஆடு வளர்க்கும் நம்மவர்கள் பலருக்கு மழைக்காலத்தில் இது தெரிந்த கதைதான். தீபாவளிக்கு விற்க வைத்திருந்த ஆடு என்றால், வீட்டின் பண்டிகைச் செலவே அதோடு போய்விடும்.

பாம்பு, விஷப்புல், கண்ணேறு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பல நேரங்களில் உண்மையான காரணம், ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் ஹீமோங்கஸ் என்ற புழு. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர்தான். 5,000 புழு இருந்தாலோ, நாளொன்றுக்கு 250 மில்லிலிட்டர் போகும். 25 கிலோ ஆட்டின் உடலில் மொத்த இரத்தமே 2 லிட்டருக்கும் குறைவு. இந்தப் புழு பெரும்பாலும் கழிச்சலை உண்டாக்குவதில்லை. புழுக்கை நன்றாக இருக்கிறதே என்று பலர் ஏமாந்துபோவது இதனால்தான்.

கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் மருந்து தேவை. காகிதம்போல் வெளுத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. தாடைக்குக் கீழே பை போல வீங்கியிருப்பதும் இதே நோயின் அடையாளம்.

அப்படிப்பட்ட ஆட்டைத் துரத்திப் பிடிக்காதீர்கள். இரத்தமில்லாத உடல் அந்த ஓட்டத்தையே தாங்காது. நனையாத, நிழலான இடத்தில் தனியே வையுங்கள். பூச்சிமருந்தின் அளவைக் கண்மதிப்பில் ஊற்றக் கூடாது. ஆட்டைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் தராசில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் அதன் எடை தெரிந்துவிடும். அளவு குறைந்தால் வலுவான புழு தப்பிப் பெருகும். ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுத்து, அது இப்போது வேலை செய்யாமல் போன பண்ணைகள் இந்நாட்டில் உண்டு. மருந்து புகட்டும்போது தலையை வானம் பார்க்கத் தூக்கினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். தலை நேராக இருக்க, கடைவாயோரமாக மெதுவாகப் புகட்டுங்கள்.

பரிதாபப்பட்டு மிச்சச் சோறும் ரொட்டியும் அள்ளி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அது இரைப்பையில் புளித்து அமிலமாகி ஆட்டைக் கொன்றேவிடும். நேப்பியர் புல்லும் பசுந்தழையும் கொடுங்கள். நாம் பழைய நினைவுகளைத்தான் அசைபோடுகிறோம். ஆட்டுக்கோ அசைபோடுவதுதான் உயிர். மறுபடி அசைபோடத் தொடங்கினால் பாதி பிழைத்துவிட்டது என்று கொள்ளலாம். இமையில் நிறம் திரும்பச் சில வாரங்கள் ஆகும்.

எழுந்து நிற்க முடியாத ஆட்டுக்கும், 40 பாகைக்கு மேல் காய்ச்சலுள்ள ஆட்டுக்கும் வீட்டு வைத்தியம் போதாது. மாவட்டக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தை நாடுங்கள். மருந்து கொடுத்து 10 முதல் 14 நாளில் புழுக்கையைச் சோதித்தால் மருந்து பலித்ததா என்பதும் தெரியும்.

தேறிய ஆட்டைப் பனி காயுமுன் மேயவிடாதீர்கள். புழுக்குஞ்சுகள் ஈரப்புல்லின் அடிப்பகுதியில்தான் இருக்கும். ஒரே இடத்தில் 3, 4 நாளுக்குமேல் மேய்க்காமல், ஒரு மாதத்துக்கு மேலாவது அந்த இடத்தைச் சும்மா விடுவது நல்லது. பண்டிகையோ கோயில் நேர்த்திக்கடனோ நெருங்குகிறதென்று அவசரப்படவும் வேண்டாம். மருந்துப் புட்டியில் குறிப்பிட்டுள்ள நாள்கள் கழியும்வரை அந்த ஆட்டை அறுக்கக் கூடாது, பாலையும் குடிக்கக் கூடாது.