தூரிகை பிடித்த இரண்டு மன்னர்கள்

விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூர் பக்கத்தில், அச்சங்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. கரிசல் பூமி. வானம் பார்த்த விவசாயம். பட்டாசுத் தொழில்தான் பலருக்குச் சோறு போடுகிறது.

இந்த வட்டாரத்தில் வெடியும் அச்சும் அண்ணன் தம்பி போல வளர்ந்த தொழில்கள். ஊர்களில் வெடிக்கு மருந்து அடைக்கிறார்கள். சிவகாசி அச்சகங்களில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிறார்கள். மயில், கிளி, தாமரை என்று கண்ணைப் பறிக்கும் படங்கள்! பெட்டிக்கு உள்ளே மருந்து, மேலே படம்.

மருந்துக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்பது அச்சங்குளத்துக்குத் தெரியும். 2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அங்கே நடந்த வெடி விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

இந்த மருந்தையும் படத்தையும் ஒருசேர வைத்திருந்த சக்கரவர்த்தி ஒருவன் சீனாவில் இருந்தான். அவன் கண்ணுக்குப் படம் மட்டுமே தெரிந்தது.

மயிலின் கால்

அவன் பெயர் ஹுய்சொங். சொங் வம்சத்தைச் சேர்ந்தவன். 1100-ம் ஆண்டில், இருபது வயது நிரம்புமுன் அரியணை ஏறினான். கைபெங் அவனுடைய தலைநகரம்.

அவன் சித்திரம் எழுதினான். கவிதை எழுதினான். மெல்லிய பொற்கம்பியை வளைத்தது போன்ற ஒரு கையெழுத்து முறையையே உண்டாக்கினான். ஓவியர்களுக்குப் பரீட்சை வைத்து, தேறியவர்களுக்கு அரண்மனையில் உத்தியோகம் கொடுத்தான். அரண்மனையில் சேர்ந்த ஓவியங்களுக்கு 1120-ம் ஆண்டு வாக்கில் ஒரு பட்டியல் தயாராயிற்று. அதில் இருந்தவை 6,396 படங்கள்!

அவனைப் பற்றி ஒரு கதை உண்டு. அரண்மனை முற்றத்தில் நின்ற மயிலை வரையும்படி ஓவியர்களுக்குக் கட்டளையிட்டான். மயில் மேட்டில் ஏறுவது போல எல்லோரும் அழகாக வரைந்து வந்தார்கள். "தவறு" என்றான் அரசன். என்ன தவறு என்று யாருக்கும் புரியவில்லை. சில நாள் கழித்து அவனே சொன்னான்: "மேட்டில் ஏறும் மயில் முதலில் இடது காலைத்தான் தூக்கும். நீங்கள் வலது காலைத் தூக்க வைத்திருக்கிறீர்கள்!"

கரிசல் காட்டில் அன்றாடம் மயிலைப் பார்க்கிறவர்கள், இது சரிதானா என்று கவனித்துச் சொல்லலாம்.

கல்லுக்காக இடிந்த பாலம்

மயிலின் காலைப் பார்த்த கண், குடிமக்களின் முகத்தைப் பார்க்கவில்லை. தலைநகரில் செயற்கை மலையுடன் ஒரு நந்தவனம் அமைக்க அவன் ஆசைப்பட்டான். தெற்கேயிருந்து விசித்திரமான பாறைகள் படகில் வந்தன. பாறை போக வழியில்லாத இடத்தில் பாலத்தை இடித்தார்கள். குடிமக்கள் கொதித்தார்கள். 1120-ல் தெற்கே பெருங்கலகம் மூண்டது.

வடக்கே ஜுர்ச்சன் என்ற குதிரைவீரர் கூட்டம் தலைதூக்கியது. பழைய பகைவனை ஒழிக்க அவர்களோடு கூட்டுச் சேர்ந்தான் ஹுய்சொங். பகைவன் ஒழிந்ததும் அவர்கள் இவன் மீதே திரும்பினார்கள்!

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் கலக்கும் பக்குவம் 1044-ம் ஆண்டிலேயே சீனப் போர் நூல் ஒன்றில் ஏறியிருந்தது. 1126-ல் கைபெங்கை எதிரி வளைத்தபோது கோட்டை வீரர்கள் வெடிகளை வீசியும் போராடினார்கள். அரசனோ அதற்கு முன்பே மகன் தலையில் முடியை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். அந்த ஆண்டே எதிரி மறுபடி வந்தான். ஆசையாகச் சேர்த்த நந்தவனத்துப் பாறைகளை உடைத்துக் கவண்கற்களாக எறிந்தார்களாம்! அப்படியும் நகரம் வீழ்ந்தது. 1127-ல் தகப்பனும் மகனும் கைதிகளாக வடக்கே நடந்தார்கள். 1135-ல் ஹுய்சொங் சிறையிலேயே இறந்தான்.

கலைப்பித்துதான் அவனைக் கெடுத்தது என்று சீனத்துச் சரித்திரக்காரர்கள் அன்றிலிருந்து எழுதி வருகிறார்கள். கலையை நேசித்தால் நாடு போய்விடுமா, என்ன? நம் காஞ்சிபுரத்துக் கதை வேறு விதமாக இருக்கிறது.

சித்திரகாரப்புலி

ஹுய்சொங்குக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பு, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காஞ்சியில் பல்லவன் மகேந்திரவர்மன் ஆண்டான். அரசர்கள் தங்களுக்குப் பட்டப்பெயர் சூட்டிக்கொள்வது வழக்கம். "எதிரிகளுக்குச் சிங்கம்" என்பார்கள். இவன் சூட்டிக்கொண்ட பெயர்களில் ஒன்று "சித்திரகாரப்புலி". ஓவியர்களுக்குள் புலி!

விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன் என்று இன்னும் எத்தனையோ பெயர்கள். பல்லாவரம் குகையில் அவை வரிசையாக வெட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகப் பாறையில் பெருமையோடு எழுதி வைத்தான். மாமண்டூர்க் குகைக் கல்வெட்டு சிதைந்திருக்கிறது. எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு, ஓவிய நூல் ஒன்றுக்கு அவன் உரை செய்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

நாடகமும் எழுதினான். பெயர் "மத்தவிலாசப் பிரகசனம்". காஞ்சி வீதியில் குடித்துத் தள்ளாடும் ஒரு காபாலிகனுடைய கபாலப் பாத்திரம் காணாமல் போகிறது. புத்த பிட்சு மேல் பழி விழுகிறது. உண்மையில் அதைத் தூக்கிப் போனது ஒரு நாய்! தன் தலைநகரத்தையே கேலி செய்து எழுத எத்தனை அரசர்களுக்கு மனம் வரும்?

இவனுக்கும் வடக்கேயிருந்துதான் ஆபத்து வந்தது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பெரும்படையோடு காஞ்சியை நெருங்கினான். பல்லவன் மதிலுக்குப் பின்னால் மறைந்துகொண்டான் என்று ஐஹொளேயில் உள்ள 634-ம் ஆண்டுக் கல்வெட்டு ஏளனம் செய்கிறது. புள்ளலூரில் மகேந்திரன் பகைவரை அழித்தான் என்று பல்லவருடைய காசாக்குடிச் செப்பேடு மார்தட்டுகிறது. அவரவர் புலவர் அவரவர் பாட்டைப் பாடியிருக்கிறார்!

ஒன்று நிச்சயம். பல்லவ நாட்டின் வடபகுதி பறிபோயிற்று. காஞ்சி போகவில்லை. மறைந்து நின்றானோ எதிர்த்து நின்றானோ, மகேந்திரன் கோட்டையைக் காத்தான். சுருங்கிய நாட்டையும் சிதறாத படையையும் மகன் நரசிம்மவர்மனிடம் விட்டுப் போனான். 642-ம் ஆண்டில் நரசிம்மவர்மன் புலிகேசியின் தலைநகரான வாதாபியையே பிடித்தான். அவன் வெற்றியைச் சொல்லும் கல்வெட்டு வாதாபிப் பாறையில் இருக்கிறது.

எஞ்சியது என்ன?

காஞ்சி பிழைத்தது. சித்திரகாரப்புலியின் சித்திரம் பிழைக்கவில்லை. இது அவன் கையால் எழுதியது என்று சுட்டிக்காட்ட ஒரு படம்கூட இன்று கிடையாது. சித்தன்னவாசல் ஓவியங்கள் அவன் காலத்தவை என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பாண்டியர் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் செய்த திருப்பணியைச் சொல்லும் கல்வெட்டு அங்கே வெளிப்பட்டதும் அந்த நம்பிக்கை தளர்ந்தது. நாடகம் மட்டும் கேரளத்தில் ஏட்டுச் சுவடியாகத் தப்பி, 1917-ல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியால் அச்சேறியது.

நாட்டைத் தோற்ற ஹுய்சொங்கின் படங்களோ இருக்கின்றன. 1112-ம் ஆண்டில் அரண்மனை வாயிலுக்கு மேலே வெண்ணாரைக் கூட்டம் வட்டமிட்டது. நல்ல சகுனம் என்று மகிழ்ந்து அவன் தீட்டியதாகச் சொல்லும் பட்டுச் சித்திரம் இன்றும் நிறம் மங்காமல் இருக்கிறது. நீல வானம்; நாலாபுறமும் நாரைகள். அது இருக்கும் இடம், வடகிழக்குச் சீனாவில் உள்ள ஷென்யாங் நகரத்துப் பொருட்காட்சிசாலை. அவனைக் கைதியாக இழுத்துப் போன ஜுர்ச்சன்கள் புறப்பட்டு வந்ததும் அந்தச் சீமையிலிருந்துதான்.